யாரை முதலில் பார்ப்பது?

திருச்சியில் நர்சிங் படிப்பை முடிக்கும் ஒருவர், செவிலியராகப் பணியாற்றத் தனியாக உரிமத் தேர்வு எதையும் எழுத வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் தேறி, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் போதும். அதன் பிறகு தேர்வு என்பது அவருடைய வாழ்வில் இரண்டு தருணங்களில் குறுக்கிடுகிறது. ஒன்று, 2012-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக அரசுப் பணிக்குச் செல்ல விரும்பும்போது. மற்றொன்று, வெளிநாடு செல்ல விரும்பும்போது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 'என்க்ளெக்ஸ்' தேர்வு. பிரிட்டனுக்குக் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும். வளைகுடா நாடுகளுக்கு அவற்றுக்கே உரிய தேர்வுகள்.

இத்தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் மனநல செவிலியத்தை ஒரு நூலாகவும், தீவிர சிகிச்சை செவிலியத்தை மற்றொரு நூலாகவும் வைத்துப் படிக்கிறார்கள். முன்னதில் நோய்களின் பெயர்களையும் நோயாளியிடம் பேச வேண்டிய வாக்கியங்களையும் மனப்பாடம் செய்கிறார்கள். பின்னதில் ரத்த அழுத்தம், ஆக்சிஜன், பொட்டாசியம் என எண்களை. ஆனால், நோயாளி இப்படி இரண்டாகப் பிரிந்து மருத்துவமனைக்கு வருவதில்லை. தேர்வை நடத்துவோருக்கும் இது தெரிந்திருக்கிறது.

2023 ஏப்ரலில் என்க்ளெக்ஸ் புதிய வடிவம் பெற்றது. குறைந்தது 85 வினாக்கள், அதிகபட்சம் 150. ஐந்து மணி நேரம். ஒரு வினாவுக்கு அளித்த விடையைப் பொறுத்து அடுத்த வினாவின் கடினத்தைக் கணினி முடிவு செய்யும். நோயின் இலக்கணத்தைக் கேட்பதைவிட, நோயாளிகள் சிலரின் நிலையைக் காட்டி 'யாரை முதலில் பார்ப்பீர்கள், முதலில் என்ன செய்வீர்கள்' என்று கேட்பதே அதன் இயல்பு. அறிகுறிகளைக் கவனித்தல், அவற்றின் பொருளை ஆராய்தல், எது அவசரம் என வரிசைப்படுத்தல், தீர்வுகளைச் சிந்தித்தல், செயல்படுதல், விளைவை மதிப்பிடுதல் என ஆறு படிகளாகச் செவிலியரின் சிந்தனையை அது பிரித்துப் பார்க்கிறது. இவற்றுள் எளிதாகத் தோன்றும் முதல் படிதான் உண்மையில் மிகக் கடினமானது என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்க மருத்துவமனை எதற்கும் போக வேண்டாம். திருச்சியும் ஸ்ரீரங்கமும் போதும்.

சென்னை, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் சாலைகள் அனைத்தும் வந்து கூடும் நகரம் திருச்சி. ஆகவே, இங்குள்ள மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவுகளுக்கு விபத்தில் சிக்கியவர்கள் வராத நாள் இல்லை. அப்படி வந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பத்தைந்து. தொடை எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் இரவு கைகள் நடுங்குகின்றன, உடல் வியர்த்துக் கொட்டுகிறது. போர்வையில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லி உதறுகிறார். கட்டிலை விட்டு இறங்க முயல்கிறார். 'புத்தி பேதலித்துவிட்டது' என்று மனைவி அழுகிறார். பக்கத்துக் கட்டில்காரர் குணசீலத்துக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்.

இது மனநோயா? நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் உயர்ந்திருக்கின்றன. கண்ணுக்கு இல்லாதது தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனைக்கு வந்து மூன்று நாள்கள் ஆகின்றன. அதாவது, மது அருந்தி மூன்று நாள்கள் ஆகின்றன. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம் தொடங்கும். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' எனும் கடுமையான குழப்பநிலை வரக்கூடும். வலிப்பு வரலாம், கவனிக்காவிட்டால் உயிரும் போகலாம். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி முதலிய பத்துக் கூறுகளுக்கு மதிப்பெண் இட்டு இதன் தீவிரத்தை அளக்கும் முறை இருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் லோராசெபாம் போன்ற மருந்து, ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதனுடன் சேர்த்தோ தயமின், விழாமல் பாதுகாப்பு, வெளிச்சமுள்ள அமைதியான சூழல் ஆகியவை உடனடித் தேவைகள். தேர்வில் இதற்கான விடையைப் பலரும் சரியாகக் குறித்துவிடுவார்கள். ஏனெனில், வினாவிலேயே 'நாள்தோறும் மது அருந்துபவர்' என்று எழுதியிருக்கும். வார்டில் அதை எழுதிவைப்பவர் யாரும் இல்லை. சேர்க்கையின்போதே, மனைவியும் மாமனாரும் சற்று விலகியிருக்கும் வேளையில், 'கடைசியாக எப்போது குடித்தீர்கள், ஐயா?' என்று குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல் கேட்ட செவிலியருக்கு மட்டுமே மூன்றாம் நாள் இரவின் பொருள் விளங்கும்.

குணசீலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில், மனநலம் குன்றியவர்கள் குடும்பத்தாருடன் 48 நாள்கள் தங்கி வழிபடும் மரபு நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதை ஏளனம் செய்யும் செவிலியர் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையை இழந்துவிடுவார். அதன் பின் அவர் சொல்லும் எதுவும் எடுபடாது. நோயாளியின் பண்பாட்டையும் நம்பிக்கையையும் மதிக்க வேண்டும் என்பது உரிமத் தேர்வுகளும் வலியுறுத்தும் செய்தி. 'கோயிலுக்குப் பிறகு போகலாம், அம்மா. இந்த இரண்டு நாள்கள் இவர் எங்கள் கண்முன்னே இருக்க வேண்டும்' என்று சொல்லத் தெரிந்திருப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

இனி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவுக்குச் செல்வோம். ஸ்ரீரங்கத்து வீதிகளில், பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டு வாழும் முதியோர் நிறையப் பேர். எண்பது வயது மூதாட்டி ஒருவர் நேற்று மாலை வரை நன்றாக இருந்தார். இன்று காலை மகளை அடையாளம் தெரியாமல் பேசுகிறார், நண்பகலில் தெளிவு, இரவில் மீண்டும் குழப்பம். 'வயதாகிவிட்டது, மறதி நோய் தொடங்கிவிட்டது' என்று வீட்டார் தேற்றிக்கொள்கிறார்கள். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருவது. ஒரே இரவில் வந்து, ஒரே நாளில் ஏறி இறங்கும் குழப்பம் பெரும்பாலும் டெலிரியம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரைக் குறைவு, நீர்ச்சத்து இழப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து என அதன் வேர் உடலில் இருக்கும். கத்தி அரற்றுபவரை அனைவரும் கவனிக்கிறார்கள். சத்தமின்றிச் சுருண்டு தூங்கிக்கொண்டே இருப்பவருக்கும் அதே டெலிரியம் இருக்கலாம். 'பாட்டி இன்று தொல்லை கொடுக்கவில்லை' என்று அவரைக் கடந்து போய்விடுகிறோம்.

இதைக் கண்டறியக் கவனத்தைச் சோதிக்க வேண்டும். மாதங்களின் பெயர்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வது அமெரிக்க நூல்களில் உள்ள வழி. நம் பாட்டியிடம் பங்குனியிலிருந்து சித்திரை வரை பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். அதுவும் இயலாவிட்டால் சனி முதல் ஞாயிறு வரை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அதே பாட்டி திருப்பாவையைத் தடையின்றி ஒப்பித்துவிடக்கூடும். எழுபது ஆண்டுகளாக நாவில் பழகியது குழப்பநிலையிலும் தப்பி நிற்கும். அதைக் கேட்டு 'நினைவு நன்றாகத்தான் இருக்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது. இதை எந்த அயல்நாட்டு வினாத் தொகுப்பும் சொல்லித் தராது.

லித்தியம் பற்றிய பாடமும் அத்தகையதே. மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்கு அது பழைமையான, மதிப்புமிக்க மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக 0.6 முதல் 1.2 வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நச்சு. பயன்தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் சிலவே. வாந்தி, வயிற்றுப்போக்கு, கைகளில் பெரும் நடுக்கம், தள்ளாட்டம், குழறிய பேச்சு ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து, மருத்துவருக்குத் தெரிவித்து, ரத்தத்தில் அளவைப் பார்க்க வேண்டும் என்பது விடை. இதுவரை மனப்பாடம் உதவும்.

அளவு ஏன் ஏறியது என்பதற்கு ஊரை அறிந்திருக்க வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ வியர்த்துக் கொட்டுபவர், ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பை ஒரேயடியாக நிறுத்தியவர், வைகுண்ட ஏகாதசிக்குத் தண்ணீர்கூட அருந்தாமல் விரதமிருந்து பரமபத வாசல் கடக்க விடியும்வரை வரிசையில் நிற்பவர் என எல்லாருக்கும் அதே ஆபத்துதான். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையும் அளவை உயர்த்தும். மருந்துச் சீட்டைக் கையில் கொடுக்கும்போது 'விரதம் இருப்பீர்களா?' என்று ஒரு கேள்வி கேட்கும் செவிலியர், ஒரு தீவிர சிகிச்சைப் படுக்கையை மிச்சப்படுத்தியிருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் ஒன்று உண்டு. தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் மீட்கப்பட்டவர். முதல் மணி நேரங்களில் வரிசை தெளிவு: மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம். மனம் பிறகு. அந்தப் 'பிறகு' எப்போது என்பதில்தான் நம் மருத்துவமனைகளின் வழக்கம் தடுமாறுகிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டால், ஆபத்து நீங்கியதாகக் கருதி வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. மனநலச் செவிலியத்தின் பார்வையில் அவருக்கு மிகுந்த கண்காணிப்பு தேவைப்படும் காலம் அப்போதுதான் ஆரம்பம். 'இப்போதும் அந்த எண்ணம் வருகிறதா?' என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 'எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்' என்பது உரிமத் தேர்வில் தவறான விடை. ஏனெனில், அது பேச்சை அங்கேயே மூடிவிடுகிறது. தமிழில் நாம் அன்பைக் காட்டும் முதல் வாக்கியமே அதுதான் என்பதால், இந்தப் பாடம் நம்மவர்களுக்குக் கூடுதல் கடினம். வாக்கியத்தைக் கைவிட வேண்டியதில்லை. அவர் பேசி முடித்த பிறகு சொல்லலாம்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 115-ஆவது பிரிவு, இத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவ்வடிவில் இடம்பெறவில்லை. 'போலீஸ் வழக்கு ஆகிவிடும்' என்று குடும்பத்தார் உண்மையை மறைக்கும்போது இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர், அவர்களுக்கு மிக அருகில் நிற்கும் செவிலியர்தான். 14416 என்ற டெலி மானஸ் இலவச உதவி எண்ணையும் வெளியேறும் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.

அயல்நாட்டுத் தேர்வுக்குப் படிப்பதால் நேரக்கூடிய ஒரு விபரீதத்தையும் குறிப்பிட வேண்டும். ஆக்ரோஷமான நோயாளியைச் சமாளிக்கும் வழிகளில், பேசித் தணித்தல், மருந்து ஆகியவை பயன்தராதபோது கடைசியாகத் தனியறையில் அடைத்தலும் கட்டிவைத்தலும் அமெரிக்க நூல்களில் இடம்பெறுகின்றன. இந்தியச் சட்டத்தின் 97-ஆவது பிரிவு தனியறையில் அடைப்பதை அறவே தடை செய்கிறது. கட்டிவைப்பதை, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரத்துக்கு மட்டுமே ஏற்கிறது. தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்த வரிகளின் பின்னே ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். என்க்ளெக்ஸ் தேர்வில் சரியான விடை, நம் வார்டில் சட்ட விரோதமாக இருக்கலாம் என்பதைப் பயிற்சி மையங்கள் சொல்லிக் கொடுப்பது அவசியம்.

2021-இல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் மனநல செவிலியம் ஐந்தாம், ஆறாம் பருவங்களில் வருகிறது. மாணவியர் மனநலப் பிரிவில் சில வாரங்கள் பணியாற்றி, சிசோஃப்ரீனியா, மனச்சோர்வு என வகைக்கு ஒன்றாக நோயாளி விவரங்களை எழுதிக்கொண்டு திரும்புகிறார்கள். எலும்பு முறிவுப் பிரிவில் மூன்றாம் நாள் பூச்சி உதறுபவரும், மருத்துவப் பிரிவில் சத்தமின்றித் தூங்கும் பாட்டியும், தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் இளைஞரும் அந்தக் குறிப்பேட்டுக்குள் வருவதே இல்லை. மனநலப் பணிக்கான மணி நேரங்களில் ஒரு பகுதியைப் பொது வார்டுகளில் கழிக்கவும், அங்கே கண்ட டெலிரியம் ஒன்றையேனும் மனநலக் குறிப்பேட்டில் கட்டாயம் பதியவும் நர்சிங் கல்லூரிகள் ஏற்பாடு செய்யலாம். இதற்குப் புதிய கட்டடமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. வார்டு பொறுப்புச் செவிலியரின் கையெழுத்து ஒன்று போதும்.