பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டு இன்சூரன்ஸ்: எந்தக் கம்பெனி மலிவு?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா கேட்டார். "ஏம்ப்பா, நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் நோண்டுவியே, வீட்டு இன்சூரன்ஸ்ல எது நல்ல கம்பெனின்னு பாத்துச் சொல்லேன்."

கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அரியலூர் தாண்டி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருக்கும் பக்கம், ஓய்வுபெற்றபோது வந்த பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கி வீடு கட்டினார். கடன் கொடுத்த இடத்திலேயே இன்சூரன்ஸும் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். மூன்றாவது வருஷம் ஹால் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல் விட்டது. கிளெய்ம் போட்டார். சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், டீ குடித்தார், போனார். கொஞ்ச நாளில் ஒரு பக்கக் கடிதம் வந்தது: இந்த இழப்பு பாலிசியில் அடங்காது. "வேற கம்பெனியா இருந்தா குடுத்திருப்பான்" என்பது சித்தப்பாவின் தீர்ப்பு.

அம்மா இருக்கும் பெரம்பலூர் வீட்டுக்கும் ஒரு பாலிசி எடுக்க நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். கம்பெனிகள் வரிசையாக, சலுகைகள் நெடுக்காக. சாஃப்ட்வேர்காரன் புத்தி வேறெப்படிப் போகும்?

அந்த ஸ்ப்ரெட்ஷீட் முதல் வாரத்திலேயே படுத்துவிட்டது. எல்லா வரிசையிலும் ஒரே பதில்தான் வந்தது.

காரணம் இதுதான். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டாளர் உண்டு. விலையும் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் அங்கே 'எங்கள் மாநிலத்தில் மலிவான ஐந்து கம்பெனிகள்' என்று பட்டியல் போட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. நமக்கு நாடு முழுக்க ஒரே ஆணையம், ஐஆர்டிஏஐ. அது 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரி வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்து, தீ விபத்துக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் இதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, சோழமண்டலம் எம்எஸ், ராயல் சுந்தரம் ஆகட்டும், மும்பையின் நியூ இந்தியா ஆகட்டும், எஸ்பிஐ ஜெனரல் ஆகட்டும், உள்ளே இருக்கும் வாசகம் ஒன்றுதான். கம்பெனிகள் தனியாக வேறு பேக்கேஜ்களும் விற்கின்றன. ஆனால் அடிப்படை இது.

அந்த வாசகத்தில் என்ன இருக்கிறது? தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, வண்டி வந்து மோதுவது, கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து கொட்டுவது. காம்பவுண்டு சுவர், கேட், மாடித் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பேனல் எல்லாம் கட்டடத்தோடு சேர்த்தி. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, கேட்காமலே கிடைக்கும்.

'நம்ம ஊரு காஞ்ச ஊரு, இங்க ஏது வெள்ளம்' என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றில் வெள்ளம் வந்து ரயில் பாலத்தைப் பதம் பார்த்துத்தான் அரியலூர் ரயில் விபத்து நடந்தது. அதற்குப் பொறுப்பேற்றுத்தான் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. அதே போல 'வெடிப்பு' என்ற தலைப்பும் இந்தப் பக்கத்தில் வெறும் அலங்காரம் இல்லை. 2023 அக்டோபரில் விரகாலூர் பட்டாசு ஆலையில் நடந்தது நினைவிருக்கும். பக்கத்தில் எங்கோ வெடித்து உங்கள் வீட்டு ஓடு பறந்தாலும் இந்தத் தலைப்பில் கேட்கலாம்.

சரி, விரிசலுக்கு வருவோம். சித்தப்பா வாங்கியதும் இதே பாலிசிதான். 'வீடு நிற்கும் நிலம் தாழ்வது' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. ஆனால் பக்கத்துக் கட்டத்திலேயே எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள்: புதுக் கட்டடத்தின் சாதாரண விரிசலும் அமர்வும், நிரப்பிய மண் இறங்குவது, ஆற்று அரிப்பு, வடிவமைப்பிலோ வேலையிலோ பொருளிலோ குறை, கடைசியாக இடிப்பு, கட்டுமானம், மண் தோண்டும் வேலைகள்.

நம்ம மண்ணை யோசித்துப் பாருங்கள். கரிசல், மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அஸ்திவாரம் ஆழமாக, பெல்ட் கான்கிரீட்டோடு போடவில்லை என்றால் ஜன்னல் மூலையில்தான் முதலில் பிளக்கும். இது 'வடிவமைப்புக் குறை'யில் போய்விடும். அதோடு சுரங்க வெடி. அரியலூர் பகுதி ஒரு காலத்தில் கடலடி. அந்தக் கடலின் மிச்சம்தான் இன்றைய சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல். (பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் படுத்திருக்கும் கல்மரமும் அதே காலத்துச் சங்கதி. குழந்தைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.) கல்லை எடுக்க வெடி வைக்கிறார்கள், தரை அதிர்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் போட்ட சுற்றறிக்கை ஒன்று, ஊர் வீடுகளை எட்டும் அதிர்வுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் வினாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஏன் கடுமையான வரம்பு? வீடுகளின் இயல்பான அதிர்வெண் அந்தப் பக்கம்தான். ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் உயரப் போகுமே, அதே கதை.

இந்த வரம்புக்குள் வெடி வைத்தார்களா, தாண்டினார்களா என்பது சுரங்கத்துக்கும், சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும், மாவட்டக் கனிமவளத் துறைக்கும் இடையிலான கேள்வி. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டால் 'தோண்டும் வேலை' என்ற வரியைக் காட்டுவார்கள். வேறு கம்பெனிக்குப் போனாலும் அதே வரி. சித்தப்பாவிடம் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் தப்பான கம்பெனியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பயந்த விஷயத்தை இந்தப் பாலிசி தொடவே இல்லை, அவ்வளவுதான். கையெழுத்து வாங்கிய அன்று அந்த ஒரு பக்கத்தை யாராவது படித்துக் காட்டியிருக்கலாம்.

ஊரில் பயப்படும் இன்னொரு விஷயம் திருட்டு. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்க, வயசானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, அல்லது பூட்டியே கிடக்கும் வீடு. அடிப்படைப் பாலிசியில் திருட்டு எப்படி வருகிறது தெரியுமா? தீயோ புயலோ வந்து ஏழு நாளைக்குள் நடந்தால் மட்டும். சும்மா ஒரு ராத்திரி பூட்டை உடைத்தால் வராது. அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு சேர்க்க வேண்டும். நகைக்கும் தனியாக மதிப்புச் சொல்லி எடுக்க வேண்டும். ரொக்கம் எப்படியும் கிடையாது. திருட்டுக் காப்பீடு சேர்க்கும்போது 'வீடு எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம்' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி உண்மையிலேயே மாறுவது இந்த மாதிரிக் கூடுதல்களில்தான். வோல்டேஜ் ஏறி டிவி போனால் அந்த டிவிக்குக் காசு வராது. அதிலிருந்து தீப்பிடித்து வீடு எரிந்தால் வீட்டுக்கு வரும். விற்பதற்காக முன்கட்டில் அடுக்கிய மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வீட்டுச் சாமான் கணக்கில் சேராது.

இப்போது விலை. எனக்கு வந்த நான்கு விலைகளில் ஒன்று மட்டும் மற்றதைவிட ரெண்டு மடங்குக்கும் மேலே. கொள்ளைக்காரக் கம்பெனி என்று முதலில் நினைத்தேன். பார்த்தால் அவர்கள் வீட்டின் சந்தை மதிப்பைப் போட்டிருந்தார்கள், மனையையும் சேர்த்து. மனை எரியாது, புயலில் பறக்காது. பாலிசி சொல்வது எளிய கணக்கு: கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கு. அம்மா வீடு 900 சதுர அடி. கொத்தனார் சொன்ன ரேட் சதுர அடிக்கு 2,000. ஆக 18 லட்சம். சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், 3 லட்சத்து 60 ஆயிரம், தானாகச் சேரும். இதே 18 லட்சத்தை நால்வரிடமும் கொடுத்தபோது, விலையில் இருந்த வித்தியாசம் எங்கள் வீட்டு ஒரு மாச கேபிள் பில் அளவுக்குக்கூட இல்லை. எல்லார் விலையிலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் சொல்வார்கள், கவனம்.

அப்படியானால் தொகையைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடிக்கலாமா? பழைய தீ விபத்துப் பாலிசியில் இது பெரிய பொறி. 20 லட்சம் வீட்டுக்கு 10 லட்சம்தான் போட்டிருந்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள், பாதிதானே காப்பீடு செய்தாய் என்று. கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. ஆனால் வீடு முழுசாகப் போனால் எழுதிய தொகைக்கு மேல் ஒரு பைசா வராது. சில நூறு ரூபாய்க்காக அதில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வருஷம் வரை சேர்த்து எடுக்கலாம். அப்படி எடுத்தால் காப்பீட்டுத் தொகை வருஷம் 10 சதவீதம் தானாக ஏறும், அதற்குத் தனிப் பிரீமியம் இல்லை. சிமெண்ட் விளையும் ஊரிலேயே சிமெண்ட் விலை ஏறுகிற வேகத்துக்கு இது உதவும். கடன் கொடுக்கும் இடத்தில் எடுக்கச் சொன்னால், காப்பீடு வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம், இந்தக் கம்பெனியில்தான் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. நீங்களே தொகையைக் கணக்கிட்டு வேறிடத்தில் எடுத்து நகல் கொடுக்கலாம்.

வாசகம் ஒன்று, விலையும் கிட்டத்தட்ட ஒன்று. மிச்சமிருப்பது, கேட்கும் நாளில் யார் ஒழுங்காகக் கொடுப்பார்கள் என்பது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு வெளியிட வேண்டும். என்எல்-37இல் கிளெய்ம் எண்ணிக்கை, என்எல்-45இல் புகார்கள். உட்கார்ந்து படித்தேன். ஆனால் வீடு தனியாகத் தெரிவதில்லை. 'தீ' என்ற தலைப்பில் தொழிற்சாலையும் குடோனும் நம்ம வீடும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு பெரிய ஆலை எரிந்தால் அந்த வருஷ விகிதமே ஆடிப்போகும். அதனால் நான் புகார்களையும், கடனடைக்கும் திறன் விகிதத்தையும்தான் பார்த்தேன். விதிப்படி அது 1.5 இருக்க வேண்டும். 2023 மார்ச்சில் நான்கு அரசு கம்பெனிகளில் நியூ இந்தியா மட்டும் அதற்கு மேலே. நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா மூன்றும் கீழே. அரசு முதலாளி என்பதால் ஓடிப்போய்விட மாட்டார்கள், ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. கம்பெனி இழுத்தடித்தால் முதலில் எழுத்தில் புகார். ஒரு மாசத்தில் சரியான பதில் இல்லை என்றால் சென்னை அண்ணா சாலையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

இதெல்லாம் காரை வீட்டுக் கதை. எங்கள் தெருக்கோடியில் இன்னும் கூரை வீடுகள் இருக்கின்றன. ஓலை, மூங்கில், தார்ப்பாய் என்றால் பாலிசி மொழியில் 'கச்சா'. ஏஜெண்ட் யாரும் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. 1988இல் மத்திய அரசு கிராமத்து ஏழைகளுக்குக் குடிசைக் காப்பீடு என்று ஒன்று கொண்டுவந்தது: குடிசைக்கு 1,000 ரூபாய், உள்ளே இருக்கும் பொருளுக்கு 500. இன்று பேரிடர் நிவாரண விதிப்படி முழுதாய் அழிந்த குடிசைக்கு 8,000. சமவெளியில் முழுதாய் அழிந்த வீட்டுக்கு 1,20,000.

அம்மா வீட்டுக்குப் பத்து வருஷப் பாலிசியாக எடுத்துவிட்டேன், நால்வரில் புகார் குறைவாக இருந்தவரிடம். எடுத்த அன்று சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து மெயிலில் எனக்கே அனுப்பி வைத்தேன்.

சித்தப்பா வீட்டு விரிசலுக்கு ஒரு சிவில் நண்பன் சொன்ன வேலையைச் செய்தோம். விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினோம். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மாசத்துக்கு ஒருமுறை சித்தப்பா போட்டோ அனுப்புகிறார், அன்றைக்கு எத்தனை மணிக்கு வெடிச் சத்தம் கேட்டது என்ற குறிப்போடு. சித்திரையில் நடு கண்ணாடி உடைந்தது. அந்த நோட்டின் நகலோடு கனிமவளத் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.