செர்டாங் மண்

“சனிக்கிழமை உனக்கு வேலையாம்மா?”

பெரியப்பா கைப்பேசியில் இப்படித் தொடங்கினால் அவருக்கு எங்கேயோ போக வண்டி வேண்டும் என்று பொருள். கண்ணில் புரை அறுவை செய்த பிறகு நெடுஞ்சாலையில் அவர் ஓட்டுவதில்லை.

“செர்டாங் போகணும். எங்க காலேஜ் பசங்க வர்றாங்க. அப்படியே நீ ரெக்கார்டு பண்ற மெஷினையும் எடுத்துட்டு வா.”

பசங்க என்றால் எல்லாரும் எழுபத்தேழு, எழுபத்தெட்டு வயதுக்காரர்கள். அது எனக்குத் தெரியும். பதிவுக்கருவியை ஏன் கேட்கிறார் என்பதுதான் புரியவில்லை. வானொலியில் பத்து ஆண்டுக்கு மேல் நேயர்களின் குரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்லூரி நாள்களைப் பற்றிப் பேசுங்கள் என்றால் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். ஆனால் சொந்தப் பெரியப்பாவின் குரலை ஒருமுறைகூடப் பதிவு செய்ததில்லை. அவர் கேட்ட பிறகுதான் அது உறைத்தது.

பெயர் மாறிய இடம்

இன்று நாம் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், அதாவது யூபிஎம் என்று அழைக்கும் இடம்தான் பெரியப்பாவுக்கு ‘காலேஜ்’. 1931-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி மலாயா விவசாயப் பள்ளியாக அது திறக்கப்பட்டபோது அதற்கு இருந்தது வெறும் 22 ஏக்கர் நிலம். மூன்றாண்டு டிப்ளோமாவும் ஓராண்டுச் சான்றிதழும் அங்கே கற்பிக்கப்பட்டன. போர் முடிந்த பின், 1947-இல் மலாயா விவசாயக் கல்லூரி ஆனது. 1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் புலத்தோடு இணைந்து மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் ஆனது. கல்லூரியின் முதல்வராக இருந்த டான்ஸ்ரீ முகமட் ரஷ்டான் பாபாவே முதல் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார். 1997-இல் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் நினைவாக இன்றைய பெயர் வந்தது.

பெரியப்பா அங்கே படித்தது 1965 முதல் 1968 வரை. “நாங்க படிச்ச காலேஜ் இப்ப இல்ல. ஆனா இருக்கு” என்று சொல்வார். போகிற வழியிலும் அதையே சொன்னார்.

பெரட்டும் பாடமும்

பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தார். கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது என் தாத்தா அதைக் கையில் வாங்கவே இல்லையாம்.

“நான்தான் மண்வெட்டியும் கத்தியுமா காலத்த ஓட்டுறேன். நீ படிச்சிட்டும் மண்வெட்டியா பிடிக்கப் போற?”

அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. தோட்டத் துண்டாடல் நடந்துகொண்டிருந்த காலம் அது. தோட்டங்கள் கை மாறின; லயத்துச் சனங்கள் மூட்டை கட்டினார்கள். பிள்ளை கிராணியாகவோ வாத்தியாராகவோ ஆக வேண்டும், மண்ணை விட்டுத் தூரமாகப் போக வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தகப்பனின் வேண்டுதல். கடைசியில் பாட்டி தன் தோட்டை அடகு வைத்தார். பெரியப்பா ஒரு தகரப் பெட்டியோடு கோலாலம்பூருக்கு ரயிலேறி, அங்கிருந்து பேருந்து பிடித்து செர்டாங் வந்து சேர்ந்தார்.

வந்த முதல் வாரமே அவர் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

“தாத்தா வாக்கு பலிச்சிடுச்சேன்னு நெனச்சேன்” என்று சிரித்தார். “விடியக்காலையில பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவாங்க. அப்படியே நம்ம தோட்டத்துப் பெரட்டுதான். ஒரே வித்தியாசம், கங்காணிக்குப் பதிலா லெக்சரர். எல்லாருக்கும் ஒரு பாத்தி. கொத்தி, எரு போட்டு, விதைச்சு, அறுத்துக் காட்டணும். பாத்தி காஞ்சா மார்க் போச்சு.”

தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் மண்வெட்டி அவருக்குப் புதிதல்ல. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் உள்ளங்கை கொப்பளித்தது. இரவில் பெரியப்பாவின் அறைக்கு வந்து, தோட்டத்துக்காரர்கள் கைக்கு என்ன தடவுவார்கள் என்று கேட்பார்களாம். லயத்திலிருந்து வந்தவன் என்பதை மறைத்துக்கொண்டிருந்தவருக்கு, அதையே மற்றவர்கள் மதித்துக் கேட்ட முதல் இடம் அதுதான்.

அறையில் மூன்று பேர். ஒருவர் கிளந்தானிலிருந்து வந்த மலாய் நண்பர். இன்னொருவர் ஈப்போ சீனர், அப்பாவுக்கு மளிகைக் கடை. அந்த ஈப்போ நண்பரின் பட்டப்பெயர்தான் அன்று முழுக்கக் காதில் விழுந்துகொண்டிருந்தது: ‘தலைகீழ்’. மூன்று இனத்து நண்பர்களும் தமிழில் அப்படியேதான் அழைக்கிறார்கள்.

காரணம் ரப்பர் ஒட்டுக்கட்டும் தேர்வு. நாற்றின் தண்டில் பட்டையைச் சன்னல்போல் கீறித் திறந்து, நல்ல இன மரத்திலிருந்து எடுத்த மொட்டுள்ள பட்டைத் துண்டை உள்ளே செருகிக் கட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டினால், பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது, கறுத்திருந்தால் போய்விட்டது. ஈப்போ நண்பர் பத்து நாற்றுக்கும் மொட்டைத் தலைகீழாக வைத்துக் கட்டிவிட்டார்! ஒன்பது கருகின. ஒன்று மட்டும் பிடித்தது. அந்தத் தளிர் தரையைப் பார்த்து முளைத்து, பிறகு வளைந்து மேலே வந்தது.

“அந்த ஒண்ணுக்கு மார்க் கொடுத்தாங்களா அங்கிள்?” என்று அவரிடமே கேட்டேன்.

“கொடுக்கல. ஆனா நாலு பேரக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க” என்றார், அழகான தோட்டத்துத் தமிழில். அந்தத் தமிழை அவர் கற்றதும் செர்டாங் விடுதியில்தான். முதலில் கற்ற சொற்களை இங்கே எழுத முடியாது.

மேசையைச் சுற்றி ஏழு பேர்

செர்டாங்கில் ஓர் உணவகத்தில் காலை பத்து மணிக்குக் கூடினார்கள். மேசைமேல் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் முப்பத்தெட்டு இளைஞர்கள், எல்லாருக்கும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இப்போது புலனக் குழுவில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். அன்று வந்தவர்கள் ஏழு பேர், அவர்களில் இருவர் கைத்தடியோடு. பதிவுக்கருவியை மேசை நடுவில் வைத்தேன். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் மேடையில் பேசுவதுபோல் பேசினார்கள். தே தாரிக் வந்ததும் அதை மறந்துவிட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் திசைக்கொருவராகப் போனவர்கள் இவர்கள். விவசாய இலாகாவுக்குச் சிலர், பெல்டா நிலத்திட்டங்களுக்குச் சிலர், தோட்டங்களுக்குச் சிலர். 1969-இல் தொடங்கப்பட்ட மார்டி ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒருவர். நாடு ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய அந்த இருபது ஆண்டுகளில், எந்தக் காட்டை வெட்டினார்கள், எந்த மேட்டில் எதை நட்டார்கள் என்று கேட்டால் இந்த மேசையில் யாரிடமாவது பதில் இருக்கிறது.

அங்கேதான் பெரியப்பா ஒரு கதையைச் சொன்னார். வீட்டில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எழுபதுகளில் அவர் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அப்போது செம்பனைப் பூக்களுக்குக் கையால்தான் மகரந்தம் தூவினார்கள். மகரந்தத்தைத் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூங்குலையின்மேல் தூவ வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. என் அத்தையும், அதாவது பெரியப்பாவின் தங்கையும், அதே தோட்டத்தில் அந்த வேலையில்தான் இருந்தார். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து சோதித்த ஒரு சிறு வண்டை மலேசியச் செம்பனைகளில் விட்டார்கள். ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தை அதுவே சுமந்தது. காய்ப்பிடிப்பு கூடியது. கையால் தூவும் வேலை தேவையற்றுப் போனது.

“எனக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம். படிச்சதெல்லாம் கண்ணு முன்னால நடக்குதேன்னு. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தங்கச்சி கேட்டா, ‘அண்ணே, அப்ப நாளைக்கு எனக்கு என்ன வேலை?’”

மேசை அமைதியானது. அத்தை அதன் பிறகு உதிரிப்பழம் பொறுக்கப் போனார். குனிந்து குனிந்து இடுப்பு போனது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எதனால் அந்த வேலைக்குப் போனார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“வண்டு நல்லதுதான்” என்றார் பெரியப்பா. “அது வரலைன்னா இந்தத் தொழில் இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனா அவளுக்கு ஒரு பதில் வச்சுக்கிட்டுல்ல நான் போய்ச் சொல்லியிருக்கணும்?”

காலியான நாற்காலி

கிளந்தான் நண்பர் இப்போது இல்லை. ஈராண்டுக்கு முன் காலமானார். அன்று அவருடைய இடத்தில் அவர் மகன் வந்து உட்கார்ந்திருந்தார். கோத்தா பாருவிலிருந்து இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்தவர்.

1969 மே மாதம் பெரியப்பா ஒரு வேலையாகக் கோலாலம்பூர் வந்திருந்தார். 13-ஆம் தேதி மாலை ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது அவர் இருந்தது இந்த நண்பரின் வாடகை வீட்டில். நான்கு நாள் வெளியே போகவில்லை. வீட்டில் இருந்த கொஞ்சம் அரிசியையும் கருவாட்டையும் இருவரும் பகிர்ந்து தின்றார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டால் நண்பர் மட்டும் எழுந்து போவாராம். தாத்தாவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது ஏழாம் நாள்தான்.

இதைப் பெரியப்பா மலாயில், நண்பரின் மகனைப் பார்த்துச் சொன்னார். மகன் தலையசைத்தார். “அப்பா வேறு மாதிரி சொல்வார். அந்த நான்கு நாளும் நீங்கள்தான் சமைத்தீர்கள், உப்பே போடவில்லை என்று சொல்வார்.”

எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் கைக்குட்டையைத் தேடினார்.

அடுத்த ஆண்டு?

அன்று அவர்கள் கூடியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆண்டுதோறும் நடக்கும் இரவு விருந்தை நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட ஆள் சேரவில்லை. இரவில் ஓட்ட யாருக்கும் கண் தெரியவில்லை. ‘தலைகீழ்’ அங்கிள்தான் கேட்டார்: “கடைசியா ஒரு தடவை நல்லா செஞ்சுட்டு நிறுத்திடலாமா? இல்ல, சத்தமில்லாம விட்டுடலாமா?”

யாரும் பதில் சொல்லவில்லை. எத்தனையோ நேரலை நிகழ்ச்சி செய்திருக்கிறேன். இரண்டு விநாடி மௌனம் வந்தாலே எனக்குக் கை பதறும். அன்று அந்த மௌனத்தை அப்படியே பதிவாக விட்டேன்.

கடைசியில் கிளந்தான் நண்பரின் மகன் பேசினார். விருந்து வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலைப் பசியாறல் போதும். பகல் நேரம், மண்டபம் இல்லை, முன்பணம் இல்லை. வண்டி ஓட்டுவது பிள்ளைகள் பொறுப்பு. “எத்தனை பேர் வந்தாலும் நடத்துவோம்” என்றார். ஏழு கைகள் உயர்ந்தன. எட்டாவதாக நானும் தூக்கினேன். எனக்கு ஓட்டு இல்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஆனால் ஓட்டுநர் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதினார்.

எனக்கும் இந்த இடத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. எஸ்டிபிஎம் முடித்தபோது எனக்கு வந்த வாய்ப்பு விவசாய அறிவியல். நான் கேட்டது ஊடகத்துறை. “தோட்டத்த விட்டு வந்தது மறுபடி மண்வெட்டி பிடிக்கவா?” என்று அப்பா கேட்டார். தாத்தா சொன்ன அதே வார்த்தை. மேல்முறையீடு செய்து வேறிடத்தில் ஊடகம் படித்தேன். அப்போது பெரியப்பா எதுவும் சொல்லவில்லை. அவருக்கு வருத்தம் என்று பதினைந்து ஆண்டுக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறப் போகும்போது கேட்டேவிட்டேன்.

“வருத்தமா? எங்களுக்கு எக்ஸ்டென்ஷன்னு ஒரு பாடம் இருந்துச்சும்மா. ஆராய்ச்சியில கண்டுபிடிச்சத விவசாயிக்குப் புரியிற மாதிரி எப்படிச் சொல்றதுன்னு. எனக்கு அதுலதான் மார்க் குறைச்சல். நீ அந்தப் பாடத்தத்தான எடுத்த?”

புறப்படுமுன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு சுற்றுப் போனோம். அவர்கள் பாத்தி கட்டிய இடம் எது என்பதில் ஏழு பேருக்கும் ஏழு கருத்து. ஒரு சாலையோரம் புதிதாகத் தோண்டிய குழியைப் பார்த்ததும் ‘தலைகீழ்’ அங்கிள் நிறுத்தச் சொன்னார். மெல்லக் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர்ப் போத்தலிலிருந்து சில துளி விட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பெரியப்பாவும் ஒரு பிடி எடுத்தார். நம் நாட்டு மண் வகைகளில் ஒன்றுக்கு ‘செர்டாங்’ என்றே பெயர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மணலும் களியும் கலந்தது. விரலில் நறநறக்கும், ஆனால் உருட்டினால் ஒட்டும்.

“செர்டாங்” என்றார் பெரியப்பா.

“இல்ல லா, மஞ்சோங்” என்றார் நண்பர்.

“இந்த நறநறப்பு மஞ்சோங்ல எங்கடா இருக்கு? நீ மொட்டையே தலைகீழா வச்சவன்தான?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் காருக்கு வருவதாக இல்லை. நான் பதிவுக்கருவியை மறுபடி இயக்கிவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.