'இப்போதைக்கு' என்றால் எது வரைக்கும்?



தோட்ட ஆபீஸிலிருந்தும் கோர்ட்டிலிருந்தும் நம் கைக்கு வரும் கடிதங்களில் சில ஆங்கிலச் சொற்கள் அடிக்கடி வருகின்றன. டெம்பரரி, கெஷுவல், பெண்டிங், சஸ்பெண்ட் என்று பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள். நாமும் "சரி, இப்போதைக்கு இப்பிடித்தானாம்" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் இந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. நமது சம்பளமும் சேமலாப நிதியும் அந்தக் கணக்கிலேதான் இருக்கின்றன.

முதலில் 'டெம்பரரி'. இதற்குத் தமிழில் தற்காலிகம் என்பார்கள். ஒருநாள் முடியும் என்பதை மட்டும்தான் இந்தச் சொல் சொல்லும். எந்த நாள் என்று சொல்லாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. உயிர் தப்பிய குடும்பங்கள் பல, பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டன. புது வீடு கைக்கு வரும்போது 2016ஆம் ஆண்டு ஆகிவிட்டது. தற்காலிகம் என்பது இரண்டு நாளாகவும் இருக்கலாம், இரண்டு வருஷமாகவும் இருக்கலாம்.

அடுத்தது 'கெஷுவல்'. தேவைப்படும்போது மட்டும் கூப்பிட்டு வேலை கொடுப்பது. "நீ கெஷுவல்தானே, உனக்கு ஈ.பி.எப். கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், நிரந்தரத் தொழிலாளியோடு தற்காலிகத் தொழிலாளியையும் கெஷுவல் தொழிலாளியையும் சேர்த்தே பேசுகிறது. நம் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, நிர்வாகம் 12 சதவீதம் போட வேண்டும். இதைவிட, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் 3 சதவீதம் கட்ட வேண்டும். அது நம் சம்பளத்தில் பிடிக்கப்படுவதல்ல.

'புரொபேஷன்' என்பது தகுதிகாண் காலம். ஆள் வேலைக்குச் சரியா என்று பார்க்கும் காலம். இந்தக் காலத்திலும் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே சேர வேண்டும். 'ஆக்டிங்' என்பது இன்னொருவரின் கதிரையில் கொஞ்ச நாளைக்கு உட்காருவது. கணக்குப்பிள்ளை லீவில் போனால் அவர் வேலையை மற்றவர் பார்ப்பார். வேலை அவருடையது, கதிரை அவருடையதல்ல. அதற்கு மேலதிகக் காசு உண்டா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி, நிறுத்தி வைக்கும் சொற்களைப் பார்ப்போம்.

'போஸ்ட்போன்' என்றால் இன்னும் தொடங்காததைப் பின்னுக்குத் தள்ளுவது. 'அட்ஜர்ன்' என்றால் தொடங்கியதை இடையில் நிறுத்தி வேறொரு நாளைக்குத் தொடர்வது. கோர்ட்டில் தவணை போட்டார்கள் என்கிறோமே, அதுதான். வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த தவணைக்குப் போகாமல் இருந்தால், வழக்கே தள்ளுபடியாகிவிடலாம்.

'சஸ்பெண்ட்' என்றால் வேலையிலிருந்து இடைநிறுத்துவது. வேலையை விட்டு நீக்குவதல்ல. விசாரணை முடியும்வரை உறவு அறுவதில்லை. ஆகவே "எனக்கு வேலை போய்விட்டது" என்று கோபத்தில் தோட்டத்தை விட்டுப் போய்விடாதீர்கள். விசாரணை என்றைக்கு என்று கேளுங்கள்.

'இன்டரிம்' என்பது இடைக்காலம். 2024இல் நாட் சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை மாதம் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. பல லயங்களில் "சம்பளம் ரத்தாகிவிட்டது" என்று பேச்சு. ரத்து வேறு, இடைக்காலத் தடை வேறு. தடை என்பது வழக்கில் கடைசிச் சொல் அல்ல.

'பெண்டிங்' என்றால் முடிவு எடுக்காமல் கிடப்பில் இருப்பது. நம் சமூகத்துக்கு இந்தச் சொல்லின் பாரம் நன்றாகத் தெரியும். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் 'பிறகு பார்ப்போம்' என்று விட்டார்கள். அவர்களை இரு நாடும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ள முடிவானது 1974இல். அதற்குப் பிறகும் நாடற்றவர்களாகவே பலர் இருந்தார்கள். அவர்களுக்காக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. பிறகு பார்ப்போம் என்ற சொல்லுக்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

கடைசியாக, நோட்டீஸ் போர்டில் வரும் 'மறு அறிவித்தல் வரை'. வேலை இல்லை, மறு அறிவித்தல் வரை என்று போட்டால் எத்தனை நாள் காத்திருப்பது? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் இந்தச் சட்டம் நிறுத்துவதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே விளங்காத கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தக் கையெழுத்தே சம்மதமாகிவிடலாம். இந்தச் சட்டத்தின் உதவியைப் பெற வேலை செய்த நாட்கணக்கும் வேண்டும். சம்பளச் சீட்டுகளை அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இப்படி ஒரு சொல் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் திகதி வரைக்கும்? அதுவரைக்கும் என் சம்பளம், சேமலாப நிதி என்ன ஆகும்? முடிவு சொல்லப் போவது யார்? பதிலை அந்தக் கடிதத்திலேயே திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால், கேட்ட நாளையும் பதில் சொன்னவர் பெயரையும் பிள்ளையின் கொப்பியில் குறித்து வையுங்கள். பிறகு தலைவரிடமோ, தொழில் திணைக்களத்திலோ போய்ப் பேச அந்த ஒரு தாள் கைகொடுக்கும்.