பாட்டு மகாராஜாவுடையது, மெட்டு யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கொலுவில் பேத்தி 'பாவயாமி ரகுராமம்' பாடினாள். "இத்தனை ராகங்களையும் கோத்தது நம் சுவாதித் திருநாள் மகாராஜாதான்" என்று வந்திருந்தவர்களிடம் பெருமையடித்துக் கொண்டேன். அவளுடைய பாட்டு டீச்சர் மெதுவாகத் திருத்தினார்: "சாகித்யம்தான் மகாராஜாவுடையது, மாமா. முதலில் சாவேரியில் பாடப்பட்ட பாட்டு அது. ராகமாலிகையாக்கியவர் செம்மங்குடி."

பல ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் குடியிருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு, விசாரிக்கத் தொடங்கினேன்.

சுவாதித் திருநாள் (1813-1846) 33 வயதிலேயே மறைந்தார். பத்மநாபசுவாமி கோயிலில் பாடிவந்த முல்லமூடு பாகவதர்களிடம் சில பாடல்கள் வாய்வழியாகத் தங்கின. பல பாடல்களுக்கு வரிகள் மட்டுமே மிஞ்சின, மெட்டு மறைந்துவிட்டது. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் தாயார் சேது பார்வதி பாயி இவற்றை மீட்க விரும்பி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை அழைத்தார். 1939-ல் இங்கு சங்கீதப் பள்ளி தொடங்கியது. இன்றைய சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி அதுதான். பாகவதருக்குப் பின் முதல்வரான செம்மங்குடி சீனிவாச ஐயர் 1963 வரை பணியாற்றினார். பாடல்களைத் தேடித் தொகுத்து, மெட்டில்லாதவற்றுக்கு மெட்டமைத்து, சுரப்படுத்தி, மாணவர்களுக்குக் கற்பித்து, கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர்கள் இவர்கள் இருவரும்.

இங்கிலாந்திலும் எட்மண்ட் ஃபெலோஸ் என்ற அறிஞர் பழைய மாட்ரிகல் பாடல்களை 1913 முதல் 1924 வரை 36 தொகுதிகளாக வெளியிட்டார். ஆனால் அவருக்குப் பழைய இசைக் குறிப்புகளே அச்சில் கிடைத்தன. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகமாக இருந்தவற்றை அவர் ஒன்றுசேர்த்தார். நம்மவர்களுக்கு அந்த வசதி இல்லை. ரயில்வே பாஷையில் சொன்னால், மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றியதைப் போன்ற வேலை இது. தடம் பழையது, தண்டவாளம் புதியது.

இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும். இப்பாடல்கள் மகாராஜா இயற்றியவையே அல்ல என்று 1980-களில் வீணை எஸ். பாலசந்தர் வாதிட, பெரிய சர்ச்சையே கிளம்பியது. மெட்டு பிற்காலத்தது என்பதால் பாட்டே பொய் என்றாகாது. பாட்டு பழையது என்பதற்காக, மெட்டமைத்தவரை மறப்பதும் நியாயமில்லை.

ஆகவே, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும் அன்பர்கள், நோட்டுப் புத்தகத்தில் ராகம், தாளத்தோடு இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மெட்டமைத்தவர் யார்? எங்கள் பேத்தியின் நோட்டில் அந்த வரியை நானே எழுதிவைத்தேன்.