வீட்டு வாசலில் விழுந்த ஐஸ்கிரீம்

நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. தலையில் பட்டால் ஜலதோஷம் பிடிக்கும் என்று பாட்டி துண்டைக் கட்டி அனுப்புவாள். பாத்திரத்தில் அள்ளிப் பால் ஊற்றிச் சாப்பிடுகிற பனியும் உண்டு என்பது எனக்குத் தெரிய வந்தது 34 வயதில், சிம்லாவில். பொங்கல் விழாவில் நம் சங்கத்துக் குழந்தைகளிடம் இதைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அவர்களுக்காகவும், குளிர்கால விடுமுறையில் மலைப்பக்கம் போகும் குடும்பங்களுக்காகவும் செய்முறையை எழுதி வைக்கிறேன்.

1992-இல் கால்கா - சிம்லா பாதையில் பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டராக இருந்தேன். 1903-இல் திறக்கப்பட்ட பாதை அது. அகலம் 2 அடி 6 அங்குலம், நீளம் 96 கிலோமீட்டர், சுரங்கங்கள் நூற்றுக்கும் மேல். 2008-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கு அது பொம்மை ரயில். பனிக் காலத்தில் எங்களுக்கு அது இரவு பகல் வேலை. பாயிண்டுகளில் பனி அடைத்துக்கொள்ளும். தேவதாரு மரக்கிளை முறிந்து தண்டவாளத்தின் குறுக்கே கிடக்கும். கேங்மேன்களோடு மண்வெட்டியும் லாந்தருமாகத் தாராதேவி வரை நடப்பேன்.

நான் வெளியே போய்விட்டால் என் மனைவி இரண்டு குழந்தைகளோடு குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பாள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. மதுரைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஹிந்தி தெரியாது. கரண்ட் போனால் மூன்று நாள் வராது. குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். அந்த டிசம்பரில் அவள் சொன்னாள்: "ஏங்க, பொங்கலுக்கு ஊருக்குப் போனா நானும் பிள்ளைங்களும் அங்கேயே இருந்துடறோம். நீங்க மாற்றல் கிடைச்சதும் வாங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வருடத்தின் முதல் பனி விழுந்ததும் குழந்தைகளைக் குஷிப்படுத்த நினைத்தேன். பனியில் பாலும் சர்க்கரையும் கலந்தால் ஐஸ்கிரீம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தகரக் கூரையின் ஓரத்தில் கைக்கு எட்டிய பனியை ஒரு குண்டான் நிறைய அள்ளி வந்தேன். அப்போதுதான் காய்ச்சிய பாலை அதில் ஊற்றினேன். ஒரு நிமிஷத்தில் அது சாம்பல் நிறத் தண்ணீராகிவிட்டது. பக்கத்தில் இருந்த நிலக்கரி அடுப்பின் புகைபோக்கியை நான் கவனிக்கவே இல்லை. மகள் ஆசையில் இரண்டு வாய் குடித்துவிட்டாள். இரண்டு நாள் வயிற்று உபத்திரவம். என் மனைவி டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மறுபடியும் பனி. அடுத்த வீட்டில் எங்கள் கீமேனின் தாயார் இருந்தார். நாங்கள் மாஜி என்று கூப்பிடுவோம். குழந்தையைப் பார்க்க வந்தவர் நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "முதல் பனி வானத்தைப் பெருக்குகிற துடைப்பம். அதையா தின்பார்கள்?" என்றார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்துப் போய், கழுவித் துடைத்த பித்தளைத் தாம்பாளம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்தார். மாஜி பேசியது பஹாடி, என் மனைவி பேசியது தமிழ். அரை மணி நேரம் இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாஜி கற்றுக்கொடுத்த முறை இதுதான். என் மனைவி கொஞ்சம் மாற்றியிருக்கிறாள்.

பனி விழத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். காற்றில் இருக்கும் தூசியும் புகையும் முதலில் விழும் பனியோடு கீழே வந்துவிடும். பிறகு அகலமான பாத்திரத்தை மரத்தடி, கூரை ஓரம், சாலை ஓரம் இல்லாத இடத்தில் வையுங்கள். பாத்திரத்தில் நேராக விழுந்த பனி போதும். தரையிலிருந்து எடுப்பதானால் மேலாக ஓரிரு அங்குலம் மட்டும் எடுங்கள். வெள்ளையைத் தவிர வேறு நிறம் தெரிந்தால் தொடவேண்டாம். தொழிற்சாலைப் புகை உள்ள ஊர்ப் பனியும், கைக்குழந்தைக்குக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

அரை லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறு மேஜைக் கரண்டி சர்க்கரை, நான்கு ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து ஆறவிடுங்கள். ஆறினால் மட்டும் போதாது, மூடி வெளியே வைத்து நன்றாகச் சில்லிட வேண்டும். அவசரமென்றால் சில்லிட்ட மில்க்மெய்ட் அரை டின். எட்டு கப் பனியை அழுத்தாமல் அளந்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். குளிர்ந்த டம்ளரில் போட்டு உடனே சாப்பிடவேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது.

இதில் உள்ள கணக்கைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். 80 டிகிரிச் சூட்டில் பாலை ஊற்றினால், ஏறக்குறைய அந்தப் பாலின் எடைக்குச் சமமான பனி உருகிவிடும். என் முதல் முயற்சி தண்ணீரானது இதனால்தான். இன்னொன்று, புதுப் பனி 10 சென்டிமீட்டர் உருகினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான் கிடைக்கும். மீதியெல்லாம் காற்று. ஐஸ்கிரீம் மெஷினைச் சுற்றுவதில் பாதி வேலை கலவைக்குள் காற்றைப் புகுத்துவதுதான். பனியில் அந்தக் காற்று ஏற்கெனவே இருக்கிறது. அழுத்திக் கலந்தால் அதை நாமே வெளியேற்றிவிடுவோம்.

கெட்டியாக வேண்டுமானால் பாத்திரத்தை மூடி, ஒரு பெரிய அண்டாவுக்குள் வைத்து, சுற்றிலும் மூன்று பங்கு பனிக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்ற எடையில் கலந்து நிரப்புங்கள். உப்பு பட்ட பனி உருகும். உருகத் தேவையான வெப்பத்தைப் பக்கத்தில் உள்ளவற்றிடமிருந்து இழுத்துக்கொள்ளும். இந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக்கூடியது. வீட்டில் மைனஸ் 10 வந்தாலே போதும். வெறும் கையால் அளையாதீர்கள், தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். மட்கா குல்ஃபி செய்கிறவர்கள் பானையில் போடும் ஐஸும் உப்பும் இதே வித்தைதான்.

குளிர்ச்சிக்காக மனிதன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அக்பர் பஞ்சாபுக்கு வந்தபின், 1586 முதல், லாகூருக்கு வடக்கே மலைகளிலிருந்து பனி கொண்டுவரப்பட்டதை அபுல் ஃபஸல் அயினி அக்பரியில் எழுதியிருக்கிறார். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். எங்களுக்கோ அது வாசலிலேயே விழுந்தது.

அன்று முதல் டம்ளரை மாஜிக்குக் கொடுத்தோம். கீமேனின் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மகன் "கலர் ஐஸ் வேணும்" என்று அடம்பிடிக்கவே, ஊரிலிருந்து கொண்டுவந்த நன்னாரி சர்பத் பாட்டிலை என் மனைவி எடுத்து அவன் டம்ளரில் ஊற்றினாள். மாஜி ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். நான்கு பேரும் திரும்பி வந்தோம். டிரங்குப் பெட்டியில் மாஜிக்காக ஒரு நன்னாரி பாட்டில் இருந்தது.

2024 ஜனவரியில் பேரனுக்கு இதைச் செய்து காட்டச் சிம்லாவுக்குப் போனோம். நான்கு நாள் காத்திருந்தோம். வெயில்தான் அடித்தது. அந்த மாதம் மலையெல்லாம் காய்ந்து கிடந்தது. முன்பெல்லாம் பனியை அள்ளி எறிய ஆள் பற்றாமல் தவித்தவன் நான். வீடு திரும்பி, ஃபிரிட்ஜ் ஐஸை உடைத்து, உப்புப் பானை வைத்து, ஏலக்காய்ப் பாலை உறையவைத்துக் கொடுத்தேன். "நல்லா இருக்கு தாத்தா, ஆனா இது வானத்திலேருந்து வந்தது இல்லையே?" என்றான். அடுத்த வருஷமும் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம்.

எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நன்னாரி ஊத்தினது நான்னு போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போட்டிருக்கிறேன்.