வெளியூர்ப் பெண்ணுக்கு அடுப்பு மூட்டும் நகரம்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது ஆற்றுகால் பகவதி கோவில். ஆண்டுதோறும் மாசி மாதத்தில், பத்து நாள் திருவிழாவின் ஒன்பதாம் நாளன்று, இங்கே லட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடுகிறார்கள். 2009-ம் ஆண்டில் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாகி இருக்கிறது. கோவில் வளாகத்தில் இடம் ஏது? சாலைக் கடைத்தெரு, தம்பானூர் ரயில் நிலையப் பகுதி, பாளையம் என்று நகரெங்கும் அடுப்புகள்தான்.

கண்ணகி வந்த கதை

அம்மன் நம் கண்ணகியே என்பது மக்கள் நம்பிக்கை. மதுரையை எரித்தபின் கொடுங்கல்லூருக்குச் செல்லும் வழியில், அவள் ஒரு சிறுமியின் உருவில் கிள்ளியாற்றங்கரைக்கு வந்தாளாம். அங்கிருந்த முல்லுவீட்டுப் பெரியவரிடம், தன்னை அக்கரை சேர்க்கும்படி கேட்டாள். அவர் அவளை வீட்டுக்கு அழைத்து உபசரிக்க விரும்பினார். அதற்குள் சிறுமி மறைந்துவிட்டாள். பிறகு கனவில் தோன்றி, தனக்குக் கோவில் எழுப்பச் சொன்னாள் என்பது கதை.

ஆக, இந்த ஊர் கொண்டாடும் தெய்வம் பிழைக்க இடம் தேடி வந்தவள் அல்ல என்றாலும், வெளியூரிலிருந்து வந்தவள். நீதி கேட்டு மனம் நொந்து வந்தவள்.

கை மாறும் தீ

திருவிழா நாட்களில் தோற்றம் பாட்டில் கண்ணகியின் கதை பாடப்படுகிறது. பாண்டிய மன்னன் வதம் செய்யப்படும் பகுதி முடிந்ததும், கருவறை விளக்கிலிருந்து எடுத்த தீயைப் பண்டார அடுப்பில் மூட்டுகிறார்கள். அந்தத் தீ அடுத்த அடுப்புக்கும், அதிலிருந்து அடுத்ததற்கும் செல்கிறது. தீ வாங்குபவள் யார், என்ன சாதி, அரசு அதிகாரியின் மனைவியா, கூலி வேலைக்காரியா என்று கொடுப்பவள் கேட்பதில்லை.

மனித சுபாவம் அன்றும் மாறிவிடுவதில்லை. சில நாட்கள் முன்பே செங்கல்லை வைத்து, கயிறு கட்டி இடம் பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் தாமதமாக வந்து தவிக்கும் பெண்ணுக்குத் தன் அடுப்பைச் சற்றே நகர்த்தி இடம் தருவதும் அதே கைகள்தான். மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும் வீட்டு வாசல்கள், முன்பின் தெரியாத பெண்களுக்குத் தண்ணீரும் மோரும் தரத் திறக்கின்றன.

கொரோனா காரணமாக 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளும் பெண்கள் தத்தம் வீடுகளிலேயே பொங்கலிட்டார்கள். அரிசி அதுதான், வெல்லம் அதுதான், வேண்டுதலும் அதுதான். தீ கொடுக்கப் பக்கத்து அடுப்பு மட்டும் இல்லை. 2023-ல் தெருக்கள் மீண்டும் நிரம்பின.

செங்கல் வீடாகிறது

பொங்கல் முடிந்தபின் இரவோடு இரவாகத் துப்புரவுத் தொழிலாளர்கள் தெருக்களைச் சுத்தம் செய்கிறார்கள். கைவிடப்பட்ட செங்கற்களை மாநகராட்சி சேகரித்து, வீடற்ற ஏழைகளின் வீடு கட்டும் பணிக்கு வழங்குகிறது. ஒரு நாள் பானையைத் தாங்கிய கல், ஒரு குடும்பத்தின் சுவராக நிற்கிறது. பக்திக்கு இதைவிட நல்ல பயன் வேறென்ன?

இனி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். மறுநாள் காலையில் வாடகைக்கு அறை தேடி ஒரு வெளியூர்த் தொழிலாளி வாசலில் வந்து நின்றால், அந்தக் கதவு திறக்குமா? முதலில் சாதியையும் ஊரையும் விசாரிக்குமா? ஆற்றங்கரையில் நின்ற பெரியவருக்குத் தம் முன் நிற்பது தெய்வம் என்று தெரியாது. தெரியாமலேயே வீட்டுக்கு அழைத்தார். ஆற்றுகால் பொங்கலின் பாடம் அதுதான்.