ஓர் இட்லித் துண்டின் பின்னாலேயே...

ம்ம், சீக்கிரம்! சாம்பாரில் ஊறிய இட்லித் துண்டு தொண்டையைத் தாண்டிவிட்டது, அதன் பின்னாலேயே நுழைந்துவிடுவோம். நாம் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கப் போவது, உடம்பின் உள்ளும் புறமும் போர்த்தியிருக்கும் எபிதீலியத் திசுவை.

உணவுக்குழாயில் தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சூடோ உரசலோ, மேலடுக்கு உரிந்து போகும், அடியிலிருந்து புதிது எழும்பும். தோலிலும் இதே ஏற்பாடுதான், கூடுதலாகக் கெரட்டின். சரி, நகருங்க!

இரைப்பை வாசலில் அடுக்குகளையே காணோம். நெட்டையான தூண் செல்கள் ஒற்றை வரிசையில் நின்று, அமிலம் தங்களையே அரித்துவிடாமல் சளியைப் பூசிக்கொள்கின்றன. ஓரமா வாங்க, சுடும்.

அடடா, சிறுகுடல்! இதைப் பார்க்கத்தானே வந்தோம். எங்கும் குடலுறிஞ்சிகள், அவற்றைப் போர்த்திய செல்களின் தலையில் இன்னும் நுண்ணிய உறிஞ்சிகள். உணவுப்பாதையை விரித்தால் டென்னிஸ் மைதானம் என்று படித்திருப்பீர்கள். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஹெலாண்டரும் ஃபான்ட்ரிக்ஸும் கணக்கிட்டு, சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். இருக்கட்டுமே, அதில் பெரும்பகுதி ஒரே ஒரு செல் கனம்!

குனிந்து பாருங்க, உறிஞ்சிகளின் அடிவாரத்தில் குழிகள். அங்கேதான் குருத்தணுக்கள். 2007இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் க்ளெவர்ஸ் குழு எலிக் குடலில் இவற்றை அடையாளம் கண்டது. இங்கே பிறக்கும் செல் மேலேறும் வழியிலேயே தொழில் பழகிவிடும். சிலது உணவை உறிஞ்சும், சிலது கோப்பைச் செல்லாகிச் சளி சுரக்கும். நாலைந்து நாளில் உச்சியை எட்டி, பொத்தென்று உதிரும். பேனத் செல்கள் மட்டும் எதிர்த்திசையில் இறங்கி, குழியின் அடியில் உட்கார்ந்து கிருமிக்கொல்லி சுரக்கின்றன. எனக்கு இந்த அடங்காப்பிடாரிகளைத்தான் ரொம்பப் பிடிக்கும்!

இட்லி இதற்குள் குளுக்கோஸாகிவிட்டது. செல்களுக்கு நடுவே இறுக்கமான பூட்டு, அதனால் செல்லுக்குள் புகுந்துதான் போகவேண்டும். கதவில் நிற்கும் புரதமோ சோடியத்தையும் கூட்டிவந்தால்தான் குளுக்கோஸை உள்ளே விடும். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கொடுப்பது இந்தக் கதவை நம்பித்தான். இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். இத்தனை வேலைக்கும் இந்தத் திசுவுக்குள் ஒரு ரத்தக்குழாய் கிடையாது, சாப்பாடெல்லாம் கீழ்த்தளத்திலிருந்து கசிந்து வருவதுதான்.

சிறுநீர்ப்பையையும் பார்க்கணுமா? பை நிறைய நிறைய உருண்டைச் செல்கள் நீண்டு தட்டையாகும் வித்தை அங்கே நடக்கிறது. முதலில் ரெண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாங்க!